லப்டொப்பை இமேஜ் எடுக்கப் பாதுகாப்பாக பூட் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்டோஸ் 10 அல்லது 11 ஓடுகிற, கடந்த ஏழெட்டு வருடங்களுக்குள் வந்த லப்டொப்புகளுக்காக இந்தப் பக்கம் எழுதப்பட்டது. யாழ்ப்பாணத்தில் வீட்டிலோ கடையிலோ ஸ்டூடியோவிலோ லப்டொப் வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. இமேஜ், அதாவது டிஸ்க் முழுவதின் பிரதி, எடுக்கிற மென்பொருளைப் பென்ட்ரைவில் இருந்து பூட் செய்து (விண்டோஸுக்குப் பதில் அதில் இருந்து லப்டொப்பைத் தொடங்கி) ஓட விட்டுவிட்டால் வேலை லேசு. ஆட்கள் டேட்டாவை இழப்பது இரண்டு இடங்களில்தான்: பூட் செய்ய முதல் பயோஸில் (விண்டோஸுக்கு முதல் வருகிற லப்டொப்பின் அமைப்புத் திரையில்) எதையாவது மாற்றுகிற நேரம், எந்த டிஸ்கில் இருந்து எந்த டிஸ்குக்கு என்று தெரிவு செய்கிற நேரம். அதனால் அந்த இரண்டையும் நீட்டி எழுதியிருக்கிறோம்.

பைல்களைக் கொப்பி பண்ணி வைத்தால் போதாதா? இமேஜ் எதற்கு?

படங்களும் ஆவணங்களும் மட்டும்தான் முக்கியம் என்றால் கொப்பி போதும். ஆனால் ஒரு லப்டொப்பில் அவை மட்டுமா இருக்கின்றன? பாமினி எழுத்துருவும் அதற்கான விசைப்பலகை அமைப்பும், கடைக் கணக்கு மென்பொருளும் அதன் லைசன்ஸும், பிரின்டர் டிரைவர், ஸ்டூடியோவில் என்றால் அல்பம் வடிவமைக்கிற மென்பொருளும் அதன் மாதிரி வடிவமைப்புகளும் இருக்கும். எஸ்எஸ்டி பழுதாகி விண்டோஸைப் புதிதாகப் போட்டால் இவற்றை எல்லாம் திரும்ப ஒழுங்குபடுத்த இரண்டு மூன்று நாள் போகும். இமேஜ் என்பது டிஸ்க் முழுவதையும், பூட் ஆகிற பகுதி உட்பட, அப்படியே எடுத்த பிரதி. புது எஸ்எஸ்டி போட்டு அதில் இறக்கினால் அன்றைக்கே வேலை தொடங்கலாம்.

விண்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்ட் தந்த பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14 அன்று முடிந்தது. 11க்கு மாறப்போகிறவர்கள் மாறுவதற்கு முதல் ஒரு இமேஜ் எடுத்து வைப்பது நல்லது. மாறியபின் ஏதாவது ஓடவில்லை என்றால் பழையபடி திரும்ப வழி இருக்கும்.

கடையில் பழைய கோஸ்ட் சிடியும் ஹைரென்ஸ் சிடியும் இருக்கின்றன. அவற்றைப் பாவிக்கலாமா?

வேண்டாம். அவை பழைய பயோஸ் முறையில் பூட் ஆகிறவை. இப்போதைய லப்டொப்புகள் யூஈஎஃப்ஐ என்ற புதிய முறையில் பூட் ஆகின்றன, பெரும்பாலானவற்றில் பழைய முறைக்கு மாற்றுகிற தெரிவே இல்லை. நோர்ட்டன் கோஸ்ட் 2013இலேயே நிறுத்தப்பட்டது. எப்படியாவது பூட் ஆக்கினாலும் இப்போதைய லப்டொப்புகளில் வருகிற என்விஎம்ஈ வகை எஸ்எஸ்டியை அது அறியாது.

மேக்ரியம் ரிஃப்ளெக்டின் இலவசப் பதிப்பைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். அதற்கான ஆதரவு 2024 ஜனவரி 1உடன் முடிந்தது. காசு கொடுத்து வாங்குகிற பதிப்பு நல்லது, ஆனால் வீட்டுப் பாவனைக்கு அது அவசியமில்லை.

அப்படியென்றால் எதைப் பாவிப்பது?

குளோன்சில்லா அல்லது ரெஸ்கியூசில்லா. இரண்டும் இலவசம், இரண்டும் லினக்ஸில் ஓடுகின்றன. குளோன்சில்லா எழுத்துத் திரையில் கேள்வி கேட்டுக் கேட்டு நகரும், மௌஸ் இல்லை. ரெஸ்கியூசில்லாவில் விண்டோஸ் மாதிரி ஜன்னலும் பட்டனும் உண்டு. ஒன்று எடுக்கிற இமேஜை மற்றதிலும் இறக்கலாம். முதல் முறை செய்கிறவர் ரெஸ்கியூசில்லாவில் தொடங்கட்டும். ராம் குறைவு, விநோதமான டிஸ்க் என்று வந்தால் குளோன்சில்லாதான் கைகொடுக்கும்.

டவுன்லோட் பக்கத்தில் “ஏஎம்டி64” என்று இருப்பதைப் பார்த்து, “என்னுடையது இன்டெல் ஆச்சே” என்று பலர் தயங்குகிறார்கள். அது 64 பிட் வகையின் பெயர், இன்டெலுக்கும் அதுதான். ஸ்னாப்டிராகன் சிப் உள்ள லப்டொப்புகளுக்கும் ஆப்பிளின் எம் வரிசை மக்புக்குகளுக்கும் அது சரிவராது.

என்னென்ன சாமான் வேண்டும்?

8 அல்லது 16 ஜிபி பென்ட்ரைவ் ஒன்று. 64 ஜிபியில் வாங்காதீர்கள். யூஈஎஃப்ஐ நம்பகமாக வாசிப்பது ஃபெட்32 முறையைத்தான், விண்டோஸின் வழமையான ஃபோர்மெட் ஜன்னல் 32 ஜிபிக்கு மேற்பட்டதற்கு அந்தத் தெரிவைக் காட்டாமல் எக்ஸ்ஃபெட்டைத் தரும், பிறகு “பென்ட்ரைவ் பூட் மெனுவில் வரவில்லை” என்று நிற்பீர்கள்.

இமேஜை வைக்க வெளி ஹாட் டிஸ்க் ஒன்று. லப்டொப்பில் நிரம்பியிருக்கிற அளவை விடக் கூடிய இடம் அதில் இருக்க வேண்டும்; டிஸ்க் பூட்டியிருந்தால் (கீழே வரும்) டிஸ்கின் முழு அளவுக்கும் இடம் வேண்டும். டி டிரைவில் வைத்தால் என்ன என்று கேட்பார்கள். சியும் டியும் ஒரே எஸ்எஸ்டியின் இரண்டு பிரிவுகள். எஸ்எஸ்டி போனால் இரண்டும் சேர்ந்துதான் போகும்.

சார்ஜர். யூஎஸ்பி-சி போர்ட் மட்டுமே உள்ள லப்டொப் என்றால் ஒரு ஹப். ஒரு தாளும் பேனையும். எதற்கென்று கீழே வரும்.

பென்ட்ரைவை எப்படித் தயாரிப்பது?

ஐஎஸ்ஓ பைலை (மென்பொருள் முழுவதும் ஒன்றாக அடங்கிய பைல்) அந்தந்த மென்பொருளின் சொந்தத் தளத்தில் இருந்து மட்டும் எடுங்கள். போன் டேட்டாவில் இறக்கும்போது இடையில் அறுந்து அரைகுறையாக வருவது உண்டு, அதனால் சரிபார்ப்பது முக்கியம்: செவன்சிப் நிறுவியிருந்தால் பைலின் மேல் ரைட் கிளிக் செய்து அதன் மெனுவில் ஷா-256ஐத் தெரிவு செய்யுங்கள். வருகிற 64 எழுத்துத் தொடர் தளத்தில் போட்டிருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் திரும்ப டவுன்லோட்தான்.

பிறகு ரூஃபஸ், ஐஎஸ்ஓவைப் பென்ட்ரைவில் எழுதுகிற மென்பொருள். பார்ட்டிஷன் முறை ஜிபிடி, இலக்கு யூஈஎஃப்ஐ, பைல் முறை ஃபெட்32. பென்ட்ரைவில் உள்ளது எல்லாம் அழியும் என்று கேட்கும். அந்த நேரம் வெளி ஹாட் டிஸ்கைச் செருகி வைத்திருக்காதீர்கள். குளோன்சில்லாவுக்கு இன்னும் லேசான வழி உண்டு. அதன் ஸிப் (சுருக்கிய) பைலை எடுத்து, ஃபெட்32இல் ஃபோர்மெட் செய்த பென்ட்ரைவில் விரித்தாலே போதும், யூஈஎஃப்ஐ தானாகக் கண்டுபிடிக்கும்.

வென்டோய் போட்டு ஒரே பென்ட்ரைவில் பத்து ஐஎஸ்ஓ வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். திருத்துகிற கடைக்கு அது வசதி. ஆனால் செக்யூர் பூட் (ஏற்ற கையொப்பம் உள்ள மென்பொருளை மட்டும் பூட் ஆக விடுகிற காவல்) உள்ள லப்டொப்பில் முதல் தடவை நீலத் திரையில் அதன் சாவியைப் பதியச் சொல்லும். வீட்டுப் பாவனைக்கு இதற்கென்று தனியான பென்ட்ரைவ் வைத்திருப்பதே எங்கள் விருப்பம்.

பூட் செய்ய முதல் கட்டாயம் செய்ய வேண்டியது என்ன?

பிட்லொக்கர் (டிஸ்கில் உள்ளதைப் பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதி) மீட்புச் சாவியைத் தாளில் எழுதி எடுப்பது. இதைச் செய்து முடிக்கும்வரை பயோஸ் பக்கம் போகாதீர்கள்.

“நான் பிட்லொக்கர் போடவே இல்லையே” என்பதுதான் எல்லோரும் சொல்கிற பதில். நீங்கள் போடத் தேவையில்லை. மைக்ரோசொஃப்ட் கணக்கில் உள்நுழைந்து அமைத்த லப்டொப்புகளில் விண்டோஸ் தானாகவே டிஸ்கைப் பூட்டிவிடுகிறது; 24எச்2 பதிப்பில் இருந்து இது இன்னும் பரவலாகிவிட்டது. பூட்டின் திறப்பு மதர்போர்டில் உள்ள டிபிஎம் சிப்பில் இருக்கும். லப்டொப் பூட் ஆகிற நிலை மாறாமல் இருக்கும்வரை அது பேசாமல் திறந்து விடும், நீங்கள் அறியமாட்டீர்கள். செக்யூர் பூட்டை நிறுத்தினால், பயோஸை அப்டேட் செய்தால், டிபிஎம்மை அழித்தால் நிலை மாறிவிட்டது என்று அது கருதும். அடுத்த தடவை விண்டோஸுக்குப் பதில் நீலத் திரை வரும், 48 இலக்கச் சாவியைக் கேட்கும். சாவி இல்லையென்றால் அந்த டிஸ்கில் உள்ளதை நாங்களும் எடுத்துத் தர முடியாது, மைக்ரோசொஃப்டும் எடுத்துத் தர முடியாது.

பூட்டியிருக்கிறதா என்று பார்க்க: விண்டோஸ் 11 ஹோமில் செட்டிங்ஸ், பிரைவசி அன்ட் செக்யூரிட்டி, அதற்குள் டிவைஸ் என்கிரிப்ஷன். ப்ரோவில் ஸ்டார்ட் மெனுவில் பிட்லொக்கர் என்று தேடினால் வரும். ஃபைல் எக்ஸ்புளோரரில் சி டிரைவின் மேல் சின்னப் பூட்டு அடையாளம் இருந்தாலும் அதேதான்.

சாவி, மைக்ரோசொஃப்ட் கணக்கின் இணையப் பக்கத்தில் டிவைஸஸ் பகுதியில் லப்டொப்பின் பெயரின் கீழ் இருக்கும். ஆறு இலக்கம் கொண்ட எட்டுத் தொகுதிகள். அதோடு சாவி அடையாளம் என்று ஒன்றும் இருக்கும், அதன் முதல் எட்டு எழுத்தையும் எழுதுங்கள். நீலத் திரை காட்டுகிற அடையாளத்தோடு அதை ஒப்பிட்டுத்தான் இது இந்த லப்டொப்பின் சாவியா என்று தெரிந்துகொள்ளலாம். படம் எடுத்து அதே லப்டொப்பில் சேமிக்காதீர்கள்.

என் கணக்கில் சாவி எதுவுமே காட்டவில்லை. பூட்டியிருப்பதாகத்தான் சொல்கிறது.

லப்டொப்பை முதலில் அமைத்தவர் யார்? எங்கள் ஊரில் இது அடிக்கடி வருகிற சிக்கல். கனடாவில் இருந்து மாமா அனுப்பிய லப்டொப், லண்டனில் இருந்து அண்ணா லீவில் வந்து தந்துவிட்டுப் போன லப்டொப் என்றால், சாவி பெரும்பாலும் அவர்களுடைய கணக்கில்தான் கிடக்கிறது. வாங்கிய கடையில் அமைத்துத் தந்திருந்தால் கடைக்காரர் பாவித்த கணக்கில் இருக்கலாம். பழைய கம்பனி லப்டொப் என்றால் அந்தக் கம்பனியின் கணக்கில்.

கேட்டு எடுக்க முடியாவிட்டாலும், விண்டோஸ் இப்போது ஓடுகிறதென்றால் ஒன்றும் கைவிட்டுப் போகவில்லை. ப்ரோ பதிப்பில் பிட்லொக்கர் ஜன்னலில் “பேக் அப் யுவர் ரிகவரி கீ” என்று இருக்கும், அதை அழுத்திப் பென்ட்ரைவில் சேமிக்கலாம் அல்லது அச்செடுக்கலாம். ஹோம் பதிப்பில் டிவைஸ் என்கிரிப்ஷனை நிறுத்திவிட்டால் டிஸ்க் திறந்துவிடும், பிறகு சாவியே தேவையில்லை. இரண்டுமே விண்டோஸ் ஓடும்போது மட்டும்தான் முடியும். அதனால்தான் இன்றைக்கே பாருங்கள் என்கிறோம்.

பூட்டிய டிஸ்கை அப்படியே இமேஜ் எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் பெரிதாக இருக்கும். பூட்டாத டிஸ்கில் இந்த மென்பொருள்கள் பாவிக்கப்பட்ட பகுதியை மட்டும் வாசிக்கும். 512 ஜிபியில் 120 ஜிபி நிரம்பியிருந்தால் 120ஐத்தான் எடுத்து, அதையும் சுருக்கும். பூட்டிய டிஸ்கில் எது நிரம்பியது எது வெறுமை என்று வெளியில் இருந்து தெரியாது. வழமையான முறையில் 512 ஜிபியையும் ஒவ்வொரு செக்டராக எடுக்கும், அது சுருங்கவும் சுருங்காது.

சின்ன இமேஜ் வேண்டுமென்றால் விண்டோஸிலேயே டிவைஸ் என்கிரிப்ஷனை நிறுத்தி, முழுவதும் திறந்து முடியும்வரை காத்திருங்கள். இமேஜ் எடுத்தபின் திரும்பப் போடலாம். அப்போது புதுச் சாவி உருவாகும், பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதியதை எழுத வேண்டும். ஒன்றைக் கவனியுங்கள்: பூட்டாமல் எடுத்த இமேஜ் உள்ள ஹாட் டிஸ்க் யார் கையில் கிடைத்தாலும் உள்ளே இருப்பதை அவர் பார்க்கலாம்.

ப்ரோ பதிப்பில் “சஸ்பெண்ட்” என்ற தெரிவும் உண்டு. அது டிஸ்கைத் திறப்பதில்லை, சாவி கேட்பதைத்தான் தற்காலிகமாக நிறுத்துகிறது. பயோஸில் ஏதாவது மாற்றப்போகிறீர்கள் என்றால் முதலில் சஸ்பெண்ட் செய்யுங்கள். அடுத்த தடவை விண்டோஸ் ஏறியதும் காவல் தானாகத் திரும்பிவிடும். இமேஜின் அளவில் அது எந்த மாற்றமும் தராது.

ஷட் டவுன் செய்துவிட்டுத்தான் பூட் செய்தேன். “டிஸ்க் ஹைபர்னேட் நிலையில் இருக்கிறது” என்று மறுக்கிறதே?

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். விண்டோஸில் சாதாரணமாக ஷட் டவுன் கொடுத்தால் அது முழுதாக நிற்பதில்லை, பாதியைத் தூங்க வைத்து டிஸ்கில் எழுதிவிட்டுப் போகிறது. ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ஷட் டவுன் கொடுங்கள், முழுதாக நிற்கும். ரீஸ்டார்ட்டும் முழு நிறுத்தம்தான். மென்பொருளை வற்புறுத்தி அப்படியே எடுக்க வைக்காதீர்கள், இறக்கும்போது பைல் முறையில் பிழை வரும்.

பூட் மெனு எப்படி எடுப்பது?

விண்டோஸுக்குள் இருந்து போவது நிச்சயமான வழி: செட்டிங்ஸ், சிஸ்டம் (விண்டோஸ் 10இல் அப்டேட் அன்ட் செக்யூரிட்டி), ரிகவரி, அட்வான்ஸ்ட் ஸ்டார்ட்அப், ரீஸ்டார்ட் நவ். வருகிற நீலத் திரையில் “யூஸ் எ டிவைஸ்”, அதற்குள் பென்ட்ரைவின் பெயர். விசை அழுத்துவதென்றால் பவர் பட்டனை அழுத்தியவுடன் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். எச்பியில் எஃப் 9, டெல்லில் எஃப் 12, லெனோவோவில் எஃப் 12 அல்லது பக்கத்தில் உள்ள சின்ன நோவோ துளை, ஏசுஸில் எஸ்கேப், எம்எஸ்ஐயில் எஃப் 11. ஏசரில் எஃப் 12தான், ஆனால் பயோஸுக்குள் (எஃப் 2) போய் எஃப் 12 பூட் மெனுவை முதலில் திறந்துவிட்டால்தான் பல மொடல்களில் வேலை செய்யும்.

பூட் வரிசையை நிரந்தரமாக மாற்றாதீர்கள். இந்த ஒரு தடவைக்கான மெனு போதும்.

பென்ட்ரைவைத் தெரிவு செய்ததும் சிவப்புப் பெட்டியில் செக்யூர் பூட் பிழை வருகிறது. செக்யூர் பூட்டை நிறுத்திவிடவா?

பொறுங்கள். அது கடைசி வழி. முதலில் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

பென்ட்ரைவில் இருப்பது பழைய பதிப்பா? 2024 ஓகஸ்டில் வந்த விண்டோஸ் அப்டேட் ஒன்று, பலவீனம் கண்டுபிடிக்கப்பட்ட பழைய லினக்ஸ் பூட் பைல்களை லப்டொப்புக்குள்ளேயே தடை செய்தது. அந்த அப்டேட் ஏறிய லப்டொப்பில் பழைய பென்ட்ரைவைப் போட்டால் “ஷிம்”, “எஸ்பாட்”, “செக்யூரிட்டி பொலிசி வயலேஷன்” என்ற சொற்கள் உள்ள ஒரு வரி வந்து லப்டொப் நின்றுவிடும். பென்ட்ரைவும் பழுதில்லை, லப்டொப்பும் பழுதில்லை. புதிய பதிப்பை இறக்கிப் போட்டால் சரி. கடைகளில் வருடக்கணக்காக ஒரே பென்ட்ரைவை வைத்திருக்கிறவர்களுக்கு இதுதான் பெரும்பாலும் காரணம்.

அடுத்தது, லப்டொப் மைக்ரோசொஃப்டின் சொந்தக் கையொப்பத்தை மட்டும் ஏற்கிறதா? 2022இல் இருந்து வந்த சில திங்க்பாட்கள் போன்றவற்றில், மற்றவர்களின் மென்பொருளுக்கு மைக்ரோசொஃப்ட் இடுகிற கையொப்பம் தொடக்கத்திலேயே நிறுத்தப்பட்டிருக்கும். பயோஸில் செக்யூரிட்டி, செக்யூர் பூட் பக்கத்தில் “அலோ மைக்ரோசொஃப்ட் தேர்ட் பார்ட்டி யூஈஎஃப்ஐ சிஏ” என்று இருப்பதை ஒன் செய்யுங்கள். செக்யூர் பூட் தொடர்ந்து ஓடும், குளோன்சில்லாவும் பூட் ஆகும். இதுவும் பூட் நிலையை மாற்றுகிற செயல்தான். பிட்லொக்கர் சாவி கையில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, கையொப்பச் சாவியின் வயது. 2011இல் வெளியான அந்தக் கையொப்பச் சான்றிதழின் காலம் 2026 ஜூன் வரைதான், 2023 சான்றிதழ் அதன் இடத்துக்கு வருகிறது. அந்தத் திகதியோடு பழைய பென்ட்ரைவ்கள் உடனே செத்துவிடாது. ஆனால் புதிய கையொப்பம் மட்டும் உள்ள பதிப்பை ஏற்க, லப்டொப்பில் 2023 சான்றிதழ் இருக்க வேண்டும். விண்டோஸ் அப்டேட்டையும் லப்டொப் கம்பனி தருகிற பயோஸ் அப்டேட்டையும் விடாமல் போட்டு வந்தால் அது வந்து சேரும்.

இவை ஒன்றும் சரிவராவிட்டால் செக்யூர் பூட்டை நிறுத்தலாம், ஒழுங்கு இதுதான்: சாவி தாளில், ப்ரோ என்றால் சஸ்பெண்ட், பயோஸில் செக்யூர் பூட்டை டிசேபிள் செய்து சேமித்து நேரே பூட் மெனுவுக்கு, இமேஜ் எடுத்து முடிந்ததும் விண்டோஸுக்குப் போகாமல் திரும்ப பயோஸுக்குள் போய் எனேபிள். இடையில் விண்டோஸ் ஏறாவிட்டால் டிபிஎம் பார்க்கிற நிலை பழையபடியே இருக்கும், பெரும்பாலும் சாவி கேட்காது. அதே பக்கத்தில் இருக்கிற “கிளியர் கீஸ்”, “ரீசெட் டு ஃபக்டரி கீஸ்”, “கிளியர் டிபிஎம்” மூன்றையும் தொடவே வேண்டாம்.

பயோஸ் பாஸ்வேர்ட் கேட்கிறது. எனக்குத் தெரியாது.

வெளிநாட்டுக் கம்பனிகளில் பாவித்துக் கழித்த லப்டொப்புகளில் இது வரும். முதலில் விண்டோஸ் வழியான “யூஸ் எ டிவைஸ்” முறையை முயன்று பாருங்கள், சிலவற்றில் அது விடும். யூஎஸ்பி பூட்டையே நிறுத்தியிருந்தால் விடாது. அப்போது விண்டோஸுக்குள் இருந்தே ஓடுகிற மென்பொருளால் இமேஜ் எடுப்பதுதான் வழி. வீம் ஏஜென்டின் இலவசப் பதிப்பு அதற்குப் போதும்.

குளோன்சில்லா பூட் ஆகிறது, ஆனால் லப்டொப்பின் எஸ்எஸ்டியையே காணவில்லை.

இன்டெல் லப்டொப்புகளில் டிஸ்கை நேராகக் காட்டாமல் ஆர்எஸ்டி அல்லது விஎம்டி என்ற ஒரு திரைக்குப் பின்னால் வைத்திருப்பார்கள். 11ஆம் தலைமுறையும் அதற்குப் பிறகு வந்தவையும் என்றால் விஎம்டி. புதிய லினக்ஸ் அதை அறியும், ஆகவே பதிப்பைப் புதுப்பித்தாலே டிஸ்க் தெரியவரும். அதற்கு முந்தியவற்றில் ஆர்எஸ்டி நிலையில் லினக்ஸுக்கு என்விஎம்ஈ தெரியாது.

பயோஸில் ஏஎச்சிஐ நிலைக்கு மாற்றினால் தெரியும். ஆனால் மாற்றிவிட்டு அப்படியே விண்டோஸை ஏற்றினால் “இன்அக்சசிபிள் பூட் டிவைஸ்” என்று நீலத் திரை வரும், ஏனென்றால் விண்டோஸ் தொடங்கும்போது பழைய டிரைவரைத்தான் தேடுகிறது. அதைக் கண்டு பயந்து விண்டோஸைத் திரும்பப் போட்டு எல்லாவற்றையும் இழந்தவர்கள் உண்டு. பயோஸில் பழைய நிலைக்கு மாற்றினால் விண்டோஸ் வழமைபோல ஏறும். ஆகவே முறை இது: மாற்றுங்கள், நேரே பென்ட்ரைவில் பூட் செய்து இமேஜ் எடுங்கள், விண்டோஸ் ஏற முதல் திரும்ப மாற்றுங்கள். மாற்றும்போது டேட்டா அழியும் என்று பயோஸ் எச்சரிக்கும். ஒற்றை எஸ்எஸ்டி உள்ள லப்டொப்பில் இந்த மாற்றம் டேட்டாவை அழிப்பதில்லை. இரண்டு டிஸ்கை ரெயிடில் சேர்த்தது, ஒப்டேன் மெமரி உள்ளது என்றால் கை வைக்காதீர்கள், விண்டோஸுக்குள் இருந்தே இமேஜ் எடுங்கள்.

திரை கறுப்பாகிவிடுகிறது. அல்லது எழுத்து எறும்பு மாதிரி இருக்கிறது.

குளோன்சில்லாவின் முதல் மெனுவிலேயே பெரிய எழுத்துத் தெரிவும், கிராஃபிக்ஸைப் பாதுகாப்பு நிலையில் ஓடவிடுகிற தெரிவும் உண்டு. அதே மெனுவில் “டு ராம்” என்று இருப்பதையும் பாருங்கள். மென்பொருள் முழுவதையும் ராமுக்குள் ஏற்றிவிடும், பிறகு பென்ட்ரைவைக் கழட்டி அதே போர்ட்டில் ஹாட் டிஸ்கைச் செருகலாம். ஒரே போர்ட் உள்ள மெல்லிய லப்டொப்புகளுக்கு இது பெரிய உதவி.

இனி இமேஜ் எடுப்பது. எங்கே கவனமாக இருக்க வேண்டும்?

குளோன்சில்லாவில் முதலில் “டிவைஸ்-இமேஜ்” என்று தெரிவு செய்யுங்கள். அதற்குக் கீழே உள்ள “டிவைஸ்-டிவைஸ்” ஒரு டிஸ்கை நேராக இன்னொன்றின் மேல் எழுதுவது. இப்போது அது வேண்டாம். அடுத்து “லோக்கல் டெவ்”, ஹாட் டிஸ்கைச் செருகச் சொல்லும், ஐந்தாறு வினாடி பொறுத்து என்டர். இமேஜை எங்கே வைப்பது என்று கேட்கும்போது வெளி ஹாட் டிஸ்க். பிகினர் நிலை. பிறகு “சேவ்டிஸ்க்”, முழு டிஸ்க்.

“சேவ்பார்ட்ஸ்” எடுத்து சி பிரிவை மட்டும் சேமிக்கிறவர்கள் இறக்குகிற அன்றுதான் பிழையை அறிகிறார்கள். சிக்கு முன்னால் 100 அல்லது 260 எம்பி அளவில் ஒரு சின்ன ஈஎஃப்ஐ பிரிவு இருக்கிறது, பூட் பைல்கள் அதில். அது இல்லாமல் சி மட்டும் வந்தால் லப்டொப் ஏறாது.

டிஸ்க் பெயர்களைப் பார்க்கும் இடத்தில் ஆறுதலாக நில்லுங்கள். லினக்ஸில் சி, டி கிடையாது. உள்ளே இருக்கிற எஸ்எஸ்டி என்விஎம்ஈ வகை என்றால் அதன் பெயர் என்விஎம்ஈ என்று தொடங்கும்; சாட்டா வகை என்றால் அதுவும் எஸ்டி என்றே தொடங்கும். பென்ட்ரைவும் வெளி ஹாட் டிஸ்கும் எஸ்டிஏ, எஸ்டிபி. எது ஏ எது பி என்பது செருகிய வரிசையைப் பொறுத்து ஒவ்வொரு தடவையும் மாறும், அதனால் எழுத்தை நம்பாதீர்கள். பக்கத்தில் அளவும் மொடல் பெயரும் இருக்கும். 512 ஜிபி எஸ்எஸ்டி இங்கே 512 என்று காட்டும், விண்டோஸில் 476 என்று பார்த்திருப்பீர்கள், இரண்டும் ஒன்றுதான். வெளி ஹாட் டிஸ்க்கும் லப்டொப்பின் டிஸ்க்கும் ஒரே அளவு என்றால், தொடங்க முதல் விண்டோஸிலேயே டிவைஸ் மனேஜரில் இரண்டின் மொடல் இலக்கத்தையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

சேமிக்கும்போது தவறான டிஸ்கைத் தெரிவு செய்தால் நேரம்தான் வீண். இறக்கும்போது, அதாவது “ரிஸ்டோர்டிஸ்க்” கொடுக்கும்போது தவறினால், உள்ளது அழியும். அப்போது குளோன்சில்லா இரண்டு தடவை உறுதிப்படுத்தக் கேட்கும். முதல் கேள்விக்கும் இரண்டாவது கேள்விக்கும் இடையில் கையைக் கீபோர்டில் இருந்து எடுத்து, திரையில் உள்ள மொடல் பெயரைச் சத்தமாக வாசியுங்கள். இது நாங்கள் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கிற பழக்கம்.

எவ்வளவு நேரம் எடுக்கும்? இடையில் கரண்ட் போனால்?

யூஎஸ்பி 3 போர்ட்டில் சாதாரண வெளி ஹாட் டிஸ்க் வினாடிக்கு 100 எம்பி அளவில் எழுதும். 120 ஜிபிக்கு இருபது நிமிடம், சரிபார்க்க இன்னொரு அவ்வளவு. பூட்டிய 512 ஜிபி என்றால் ஒன்றரை மணித்தியாலத்துக்குக் கிட்ட. பழைய யூஎஸ்பி 2 போர்ட்டில் செருகினால் மூன்று மடங்காகும்.

சேமிக்கும்போது கரண்ட் போனால் லப்டொப்புக்கு ஒன்றும் ஆகாது, பட்டரி தாங்கும். ஆனால் தனிப் பவர் வேண்டிய மேசை ஹாட் டிஸ்க் என்றால் அது நின்றுவிடும், இமேஜ் அரைகுறை. ஆகவே லப்டொப்பிலேயே ஓடுகிற சின்ன ஹாட் டிஸ்க் நல்லது. இறக்கும்போது நின்றால் டிஸ்க் பாதியில் கிடக்கும், முதலில் இருந்து தொடங்க வேண்டும். பட்டரி முழுச் சார்ஜில் இருக்க, சார்ஜரும் செருகியபடி தொடங்குங்கள். ஐப்பசி கார்த்திகையில் இடி முழங்குகிற பின்னேரங்களில் தொடங்காதீர்கள், காலையில் செய்யுங்கள். மூடியை மூடாதீர்கள், தூங்கிவிடும்.

எடுத்த இமேஜ் நல்லது என்று எப்படி நம்புவது?

முடிவில் “செக் த சேவ்ட் இமேஜ்” என்று கேட்பதற்கு எப்போதும் ஆம். அதைத் தவிர்த்து மிச்சம் பிடிக்கிற இருபது நிமிடத்துக்குப் பெறுமதி இல்லை. ரெஸ்கியூசில்லாவில் இமேஜ் எக்ஸ்புளோரர் உண்டு, அதில் திறந்து உங்கள் ஆவணங்கள் தெரிகின்றனவா என்று பார்க்கலாம். முழு நிச்சயம் வேண்டுமென்றால் இன்னொரு எஸ்எஸ்டியில் இறக்கி லப்டொப்பில் போட்டு ஏற்றிப் பார்ப்பதுதான். கணக்கு வைத்திருக்கிற கடைகளுக்கு அந்தச் செலவு தகும்.

ஹாட் டிஸ்கை லப்டொப் பையிலேயே வைக்காதீர்கள். பை களவு போனால் இரண்டும் போகும். 2008 நவம்பரில் நிஷா புயல் மழையில் குடாநாட்டில் எத்தனை வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது என்று தெரியும்தானே. அலுமாரியின் மேல்தட்டு, அல்லது இன்னொரு ஊரில் உள்ள சொந்தக்காரர் வீடு.

எஸ்எஸ்டி இப்போதே பிழை காட்டுகிறது. முதலில் இமேஜா?

இல்லை. விண்டோஸ் ஏறுகிறதென்றால் முதலில் முக்கியமான பைல்களை மட்டும் வெளியில் எடுங்கள். அதற்குப் பிறகு இமேஜ், அதுவும் குளோன்சில்லாவின் எக்ஸ்பேர்ட் நிலையில் “ரெஸ்கியூ” தெரிவோடு. வாசிக்க முடியாத இடத்தில் நிற்காமல் தாண்டிப் போகும். டிஸ்கைச் சரிபார்க்கிற விண்டோஸ் கருவியைச் சாகிற டிஸ்கில் ஓட விடாதீர்கள், மிச்சத்தையும் அது வேலை வாங்கும்.

புது எஸ்எஸ்டியில் இறக்கினேன். லப்டொப் ஏறவில்லை.

புதியது பழையதை விட ஒரு ஜிபி சிறியது என்றாலும் குளோன்சில்லா வழமையான நிலையில் மறுக்கும். 512க்குப் பதில் 500 வாங்கி மாட்டுப்படுகிறவர்கள் அதிகம். ஒரே அளவு அல்லது பெரிது வாங்குங்கள்.

இறங்கி முடிந்தும் ஏறாவிட்டால் பூட் மெனுவில் “விண்டோஸ் பூட் மனேஜர்” இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதைத் தெரிவு செய்தால் போதும். இல்லாவிட்டால் விண்டோஸ் நிறுவுகிற பென்ட்ரைவில் பூட் செய்து “ஸ்டார்ட்அப் ரிப்பேர்”. ஆர்எஸ்டி நிலையை மாற்றியது நினைவில் இருக்கிறதா? திரும்ப மாற்றுங்கள். பூட்டிய இமேஜ் என்றால் புது எஸ்எஸ்டியில் சாவி கேட்கக்கூடும், தாளை எடுத்து அடியுங்கள்.

பழைய எஸ்எஸ்டியை யூஎஸ்பி பெட்டியில் போட்டு உடனே செருகாதீர்கள். இரண்டுக்கும் ஒரே அடையாள இலக்கம் இருப்பதால் விண்டோஸ் ஒன்றை ஓஃப்லைன் ஆக்கிவிடும். புதியது தனியே இரண்டு மூன்று தடவை ஒழுங்காக ஏறி இறங்கட்டும். பெரிய எஸ்எஸ்டியில் மிச்ச இடம் சியோடு சேரவில்லை என்றால், இடையில் ரிகவரி பிரிவு நிற்கிறது. ஜிபார்ட்டட் என்ற, பிரிவுகளை நகர்த்துகிற மென்பொருளில் அதைக் கடைசிக்கு நகர்த்திவிட்டுச் சியை நீட்டலாம். பழைய எஸ்எஸ்டியை ஒரு மாதமாவது அழிக்காமல் வைத்திருங்கள்.